அமராத இருக்கை: ஜாக் ஸ்வைகர்ட்டின் வாழ்க்கை

விண்வெளியில் பறந்து மீண்டபின் மக்கள் மன்றத்தை நாடிச் சென்றோர் அமெரிக்க நாட்டில் ஒரு சிலர் உண்டு. 1962-இல் புவியை வலம்வந்த முதல் அமெரிக்கரான ஜான் கிளென் 1974-இல் ஒகையோ மாநிலத்திலிருந்து செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 24 ஆண்டுகள் அங்கே உறுப்பினராக இருந்தார். 1972-இல் நிலவில் நடந்த நிலவியல் அறிஞர் ஹாரிசன் ஷ்மிட் 1976-இல் நியூ மெக்சிகோவின் செனட் உறுப்பினரானார். மூன்றாமவராகிய ஜாக் ஸ்வைகர்ட்டின் கதை இவ்விருவர் கதையினின்றும் வேறுபட்டது. மக்கள் அவரைப் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தனர், அவரோ பதவியேற்கவில்லை. விண்ணிலிருந்து அவர் கூறிய ஒரு சிறு தொடரை உலகம் முழுவதும் அறியும். அதனை முதலிற் கூறியவர் அவரே என்பதை அறிந்தோர் மிகச் சிலர். சொல்லும் அதன் நம்பகமும் அவருடைய ஏற்றத்தையும் இறக்கத்தையும் முடிவு செய்தன என்பதால், சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

ஜான் லெனார்ட் ஸ்வைகர்ட் என்பது அவருடைய முழுப்பெயர். கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வரில் 1931 ஆகஸ்ட் 30-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கண் மருத்துவர். வசதிக்குக் குறைவில்லாத குடும்பம்தான். எனினும், பதினான்கு வயதில் வானூர்திகளின்மேல் மோகம் கொண்ட சிறுவன், பறக்கக் கற்றுக்கொள்வதற்கான கட்டணத்தைத் தானே ஈட்ட எண்ணி வீடுவீடாகச் செய்தித்தாள் போட்டான். பதினாறு வயதில் விமானி உரிமம் கையில் இருந்தது. பின்னர் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1953-இல் பட்டம் பெற்றார். அங்கே கால்பந்து அணியிலும் ஆடினார். அது அமெரிக்கர் ஆடும் கால்பந்து. உடல்வலிமையும் முரட்டுத் துணிவும் வேண்டும் ஆட்டம்.

பட்டம் பெற்ற ஆண்டே விமானப்படையிற் சேர்ந்து, ஜப்பானிலும் தென் கொரியாவிலும் போர் விமானங்களை ஓட்டினார். 1956-க்குப் பின் விமான எஞ்சின்களும் விமானங்களும் செய்யும் நிறுவனங்களில் சோதனை விமானியாகப் பணியாற்றினார். புதிய பொறிகளை முதன்முதலாக வானில் ஏற்றி, அவற்றின் குறைகளைக் கண்டு, தரைக்குத் திரும்பி, கண்டதைக் கண்டபடி எழுதித் தருவது அப்பணி. மிகையும் கூடாது, மழுப்பலும் கூடாது.

விண்வெளி வீரராக வேண்டும் என்னும் விருப்பம் எளிதில் கைகூடவில்லை. நாசா நிறுவனம் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் முயற்சிகளில் அவர் எடுக்கப்படவில்லை. மனம் தளராது மீண்டும் மாணவரானார். ரென்சிலேர் பல்தொழில்நுட்ப நிறுவனத்தில் 1965-இல் விண்ணூர்திப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். வணிக மேலாண்மையிலும் ஒரு முதுநிலைப் பட்டத்திற்குப் படிக்கலானார். 1966 ஏப்ரலில் நாசா தெரிவு செய்த 19 பேருள் ஒருவராக அவர் இடம்பெற்றபோது வயது முப்பத்து நான்கு.

அக்காலத்து வீரர்களில் பெரும்பாலோர் நிலவின் மண்ணில் கால் பதிக்கும் வாய்ப்பை வேண்டினர். அப்பல்லோ பயணத்தில் மூவர் செல்வர். இருவர் சிறுகலம் ஒன்றில் நிலவில் இறங்குவர். மூன்றாமவர் கட்டளைக்கலத்தில் தனித்திருந்து நிலவைச் சுற்றிக்கொண்டு அவர்கள் திரும்பும்வரை காத்திருப்பார். அந்த மூன்றாம் பணியை விரும்பிக் கேட்டவர் மிகக் குறைவு. அவர்களுள் ஸ்வைகர்ட் ஒருவர். கட்டளைக்கலத்தின் உறுப்புகளில் எது எவ்வாறு பழுதாகக்கூடும், பழுதானால் எந்த வரிசையில் என்ன செய்தல் வேண்டும் என்பதற்கான செயல்முறைகளை வகுப்பதில் அவர் பெரும்பங்கு கொண்டார். இடர் நேரும்போது பார்க்க வேண்டிய ஏட்டை எழுதியவர்களுள் ஒருவரே இடர் நேர்ந்த கலத்தில் இருந்தார் என்பது பின்னாளில் வியந்து பேசப்பட்டது. அன்று அது வெறும் அலுவலகப் பணி. எவரும் புகழாத பணி.

1970-இல் அப்பல்லோ 13 பயணத்திற்கு ஜேம்ஸ் லவல், கென் மேட்டிங்லி, ஃபிரெட் ஹேய்ஸ் ஆகிய மூவரும் அமர்த்தப்பட்டிருந்தனர். ஸ்வைகர்ட் மாற்றுக் குழுவைச் சேர்ந்தவர். மாற்றுக் குழுவினர் முதற்குழுவினரைப் போலவே எல்லாப் பயிற்சியும் பெறுவர். ஆனால் பறப்பது அரிது. அந்நிலையில் மாற்றுக் குழுவின் சார்லஸ் டியூக் ஒரு குழந்தையிடமிருந்து ஜெர்மன் தட்டம்மை நோயைப் பெற்றுக்கொண்டார். அவரோடு பழகிய வீரர்களைச் சோதித்தபோது மேட்டிங்லி ஒருவருக்கே அந்நோய்க்கு எதிர்ப்பாற்றல் இல்லை எனத் தெரிந்தது. பயண நடுவில் அவர் நோயுற்றால் என் செய்வது என்று மருத்துவர்கள் அஞ்சினர். ஏவுவதற்குச் சில நாள்களே இருக்கையில் அவர் விலக்கப்பட்டு, அவ்விடத்தில் ஸ்வைகர்ட் அமர்த்தப்பட்டார். மாதக்கணக்காக ஒருவரோடு ஒருவர் பழகி, குரலின் ஏற்றத்தாழ்விலிருந்தே கருத்தை உணர்ந்துகொள்ளும் நிலைக்கு வந்திருந்த மூவரில் ஒருவரைக் கடைசி வேளையில் மாற்றுவது சிறு செயலன்று. மேட்டிங்லிக்கோ அம்மை வரவே இல்லை.

ஏப்ரல் 11-ஆம் நாள் ஹூஸ்டன் நேரப்படி பிற்பகல் 1 மணி 13 நிமிடத்திற்கு விண்கலம் புறப்பட்டது. இடையில் ஒரு நகைச்சுவையும் நிகழ்ந்தது. அமெரிக்கக் குடிமக்கள் வருமான வரிக் கணக்கை ஏப்ரல் 15-க்குள் அளித்தாக வேண்டும். அவசரத்தில் புறப்பட்ட ஸ்வைகர்ட் அதனை மறந்துபோனார். வானத்திலிருந்தபடியே தம் கவலையைத் தரைக்குத் தெரிவித்தார். கட்டுப்பாட்டு அறை நகைத்தது. நாட்டிற்கு வெளியே இருப்பவருக்குத் தவணை நீட்டிப்பு உண்டு என்று பிறகு அவருக்கு ஆறுதல் கூறப்பட்டது.

ஏப்ரல் 13 இரவு, புவியிலிருந்து ஏறத்தாழ 3,30,000 கிலோமீட்டர் தொலைவில் கலம் சென்றுகொண்டிருந்தது. ஆக்சிஜன் தொட்டிகளைக் கலக்கிவிடுமாறு தரையிலிருந்து பணித்தனர். உறைகுளிரில் அடைக்கப்பட்ட ஆக்சிஜன் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்குமாதலால், அளவு சரியாகத் தெரிய வேண்டித் தொட்டிக்குள் இருக்கும் சிறு விசிறிகளை அவ்வப்போது சுழல விடுவது வழக்கம். ஸ்வைகர்ட் விசையைத் தட்டினார். ஒன்றரை நிமிடம் கழித்து ஒரு பேரோசை எழுந்தது, கலம் அதிர்ந்தது.

தட்டிய கை அவருடையது, பிழை அவருடையதன்று. அந்த இரண்டாம் எண் தொட்டி 1968-லேயே தொழிற்சாலையில் ஐந்து சென்டிமீட்டர் அளவு உயரத்திலிருந்து தவறி விழுந்திருந்தது. பின்னர் ஏவுதளச் சோதனையில் தொட்டியை வழக்கம்போல் காலி செய்ய இயலாமற் போகவே, உள்ளிருக்கும் சூடேற்றியைப் பல மணி நேரம் இயக்கி ஆக்சிஜனைக் கொதிக்கவிட்டு வெளியேற்றினர். சூடு மிகும்போது மின்னோட்டத்தைத் துண்டிக்க வேண்டிய விசைகள் 28 வோல்ட்டுக்கு ஏற்றவை; ஏவுதளத்தில் கொடுக்கப்பட்டதோ 65 வோல்ட். விசைகள் உருகி ஒட்டிக்கொண்டன; வெப்பம் கட்டின்றி ஏறிற்று; கம்பிகளின் டெஃப்லான் உறை கருகிற்று. கருகிய கம்பி ஆக்சிஜனுக்குள்ளேயே மறைந்து கிடந்து, விசிறி சுழலும் நொடிக்காகக் காத்திருந்தது. இவையெல்லாம் பின்னர் விசாரணைக் குழு கண்டுரைத்தவை. அவ்விரவில் மூவருக்கும் தெரிந்தவை ஓர் ஓசையும், எச்சரிக்கை விளக்குகளும் மட்டுமே.

உடனே தரைக்குச் செய்தி கூறியவர் ஸ்வைகர்ட். ஹூஸ்டனை விளித்து, இங்கே ஒரு சிக்கல் நேர்ந்துவிட்டது என்னும் பொருளில் சில சொற்களைக் கூறினார். தரையிலிருந்தவர் திரும்பச் சொல்லுமாறு கேட்கவே, தலைவர் லவல் அதே செய்தியை மீண்டும் கூறினார். 1995-இல் வெளிவந்த திரைப்படம் அத்தொடரை லவல் ஒருவருக்கே உரியதாக்கியது. நேர்ந்துவிட்டது என முடிந்துபோன நிகழ்ச்சியாகச் சொல்லப்பட்டதை இருக்கிறது என நிகழ்காலமாகவும் மாற்றிற்று. மக்கள் நாவில் வழங்குவது மாறிய வடிவமே. நாடகத்திற்கு நிகழ்காலம் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்வைகர்ட்டின் தொடரில் ஒரு சோதனை விமானியின் பழக்கம் இருக்கிறது. நிகழ்ந்ததை மட்டும் சொல்கிறார். என்ன ஆகுமோ என்னும் அச்சத்தை அதிற் கலக்கவில்லை. காலம் காட்டும் இடைநிலை ஒன்று மாறினால் பேசியவரின் மனநிலையே மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வெளியேறிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மூச்சுக்கு மட்டும் உரியதன்று. எரிபொருள் மின்கலங்கள் அதனைக்கொண்டே மின்சாரமும் குடிநீரும் ஆக்கின. ஆகவே கட்டளைக்கலம் சில மணி நேரத்தில் உயிரிழக்கும் என்பது உறுதியாயிற்று. நிலவில் இருவர் இறங்குவதற்காக உடன்கொண்டு சென்ற சிறுகலமே இனிப் புகலிடம். லவலும் ஹேய்ஸும் அதனுள் புகுந்து அதன் கருவிகளை உயிர்ப்பிக்கத் தொடங்கினர். ஸ்வைகர்ட் மட்டும் கட்டளைக்கலத்தில் இருந்து, அதன் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். புவியின் காற்று மண்டலத்துள் எரியாமல் நுழையும் வெப்பக் கவசம் அக்கலத்திற்கு மட்டுமே உண்டு. ஆதலால் அதன் கடைசி மின்கலங்களைச் செலவிடாது காக்க வேண்டும். எந்தக் கலத்தின் நோய்களுக்கெல்லாம் மருந்து எழுதினாரோ, அந்தக் கலத்தைத் தம் கையாலேயே இருளாக்கிவிட்டுக் கடைசியாக அவர் வெளியேறினார்.

சிறுகலம் இருவருக்கு இரண்டு நாள் அளவில் தாங்குமாறு செய்யப்பட்டது. இப்போது மூவர் ஏறத்தாழ நான்கு நாள் அதனுள் வாழ வேண்டும். அதன் இரண்டு இடங்களும் லவலுக்கும் ஹேய்ஸுக்கும் உரியன. அக்கலத்தின் நுணுக்கங்களில் பயிற்சி பெற்றவர்களும் அவர்களே. மூன்றாமவருக்கு இருக்கை இல்லை. பின்புறம் எஞ்சினை மூடியிருந்த உறைமேல் ஸ்வைகர்ட் அமர்ந்திருந்தார். வெப்பம் 3 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிற்று. நாளொன்றுக்கு ஆளுக்கு 200 மில்லிலிட்டர் அளவே நீர். நிலவில் நடப்பதற்கான காலணிகள் மற்ற இருவருக்கு இருந்தன. அவர்கள் அவற்றை அணிந்து குளிரைப் பொறுத்தனர். நிலவில் இறங்காதவருக்கு அக்காலணி ஏது? நீர் எடுக்கையில் நனைந்த ஸ்வைகர்ட்டின் பாதங்கள் உலரவே இல்லை.

மூச்சில் வெளிப்படும் கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டிகள் கட்டளைக்கலத்தில் சதுர வடிவின. சிறுகலத்தின் துளைகளோ வட்டமானவை. நெகிழிப் பை, அட்டை, உடைக் குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக்கொண்டு சதுரத்தை வட்டத்தோடு இணைக்கும் முறையைத் தரையிலிருந்த பொறியாளர்கள் கண்டுபிடித்து வாய்மொழியாகவே சொல்ல, லவலும் ஸ்வைகர்ட்டும் அதனைச் செய்து முடித்தனர். படம் வரைந்து அனுப்பும் வசதியில்லை. சொல்லைக் கேட்டே பொருளை உருவாக்க வேண்டியிருந்தது.

இடையில் நிலவின் மறுபுறத்தைக் கலம் கடந்தது. நிலவின் பரப்புக்கு மேல் சுமார் 254 கிலோமீட்டர் உயரத்தில், புவியிலிருந்து 4,00,171 கிலோமீட்டர் தொலைவில் அவர்கள் இருந்தனர். அதுவரை மனிதர் எவரும் சென்றிராத தொலைவு அது. லவல் 1968-லேயே அப்பல்லோ 8 பயணத்தில் அக்காட்சியைக் கண்டிருந்தார். புதியவர்களாகிய ஹேய்ஸும் ஸ்வைகர்ட்டும் சாளரத்தருகே ஒளிப்படக் கருவிகளோடு நின்றனர். பலமுறை சுற்றிக் காத்திருக்க வேண்டிய நிலவை ஸ்வைகர்ட் அந்த ஒரே முறைதான் கடந்தார்.

புவியை நெருங்குகையில், குளிர்ந்து கிடந்த கட்டளைக்கலத்தை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும். வழக்கமாக மாதக்கணக்கில் வகுத்துச் சோதிக்க வேண்டிய அச்செயல்முறையைத் தரையிலிருந்தோர் மூன்றே நாளில் உருவாக்கினர். நோய்வாய்ப்படுவார் என்று விலக்கப்பட்ட மேட்டிங்லி, அதனை ஒத்திகைக் கலத்தில் சோதித்தவர்களுள் ஒருவர்; வானொலி வழியே வரிவரியாகப் படித்துச் சொன்னவர்களுள்ளும் ஒருவர். இருக்கையை இழந்தவர் படிக்க, இருக்கையைப் பெற்றவர் எழுதிக்கொண்டார். அது முடிய இரண்டு மணி நேரத்திற்கு அருகில் ஆயிற்று. தூக்கமின்றி, நடுங்கும் கையால் நூற்றுக்கணக்கான குறிப்புகளை எழுதிய ஸ்வைகர்ட், தம் களைப்பைத் தாமே நம்பவில்லை. பழுதான பணிக்கலத்தைக் கழற்றிவிடும் விசைக்கு அருகிலேயே சிறுகலத்தைக் கழற்றிவிடும் விசையும் இருந்தது. இரண்டு தோழர்களும் சிறுகலத்துள் இருக்கையில் கை தவறி அதனைத் தட்டிவிட்டால் அவர்கள் விண்வெளியில் விடப்படுவர். ஒரு துண்டு நாடாவில் கூடாது என்னும் பொருள்தரும் ஒற்றைச் சொல்லை எழுதி அவ்விசைமேல் ஒட்டி வைத்தார். அவர் எழுதிய எழுத்துகளிலெல்லாம் மிகச் சிறியது அது.

ஏப்ரல் 17-ஆம் நாள் கலம் காற்று மண்டலத்துள் நுழைந்தது. அப்போது வானொலித் தொடர்பு சில நிமிடம் அறுபடுவது இயல்பு. அன்று எதிர்பார்த்ததைவிட ஒரு நிமிடத்திற்கு மேல் நீண்டது. கட்டுப்பாட்டு அறை பேச்சற்றிருந்தது. இறுதியில் மறுமொழியாக வந்த குரல் ஸ்வைகர்ட்டுடையது. விபத்தை முதலில் அறிவித்தவரும், உயிரோடிருப்பதை முதலில் உணர்த்தியவரும் அவரே. தென் பசிபிக் கடலில் மூவரும் பத்திரமாக இறங்கினர். மறுநாள் ஹொனலூலுவில் குடியரசுத் தலைவர் நிக்சன் அவர்களுக்கு விடுதலைப் பதக்கம் அணிவித்தார்.

இவ்வளவு புகழுக்குப் பின் வந்த வீழ்ச்சியைப் புகழுரைகள் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன. 1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் அஞ்சல்தலை வணிகர் ஒருவர் பொருட்டு இசைவின்றி ஏறத்தாழ 400 அஞ்சல் உறைகளை நிலவுக்கு எடுத்துச் சென்று திரும்பினர். 1972-இல் அது வெளிப்பட்டபோது பெரும் கண்டனம் எழுந்தது; அம்மூவரும் மீண்டும் பறக்கவில்லை. விசாரணை மற்ற வீரர்கள் பக்கமும் திரும்பிற்று. ஸ்வைகர்ட்டுக்கு அந்த 400 உறைகளோடு தொடர்பு இல்லை. ஆயினும் அஞ்சல்தலை வணிகத்தில் தமக்கு ஏதேனும் பங்கு உண்டா என்று கேட்கப்பட்டபோது முதலில் இல்லை என மறுத்தார். பின்னர் உண்டு என ஒப்புக்கொண்டார்.

அமெரிக்க, சோவியத் விண்கலங்கள் வானில் இணையவிருந்த பயணத்தில் கட்டளைக்கலத்தை இயக்கும் பொறுப்புக்கு அப்போது அவருடைய பெயர் கருதப்பட்டிருந்தது. நாசாவின் துணைத் தலைவர் ஜார்ஜ் லோ அவரை நீக்கினார். அவ்விடம் வேன்ஸ் பிராண்டுக்குப் போயிற்று. 1975 ஜூலையில் பறந்தவர் அவர். முதல் முறை ஸ்வைகர்ட் பிறர் இடத்தைப் பெற்றது அம்மையால். இம்முறை தம் இடத்தைப் பிறரிடம் இழந்தது தம் வாயால். கையொப்பத்திற்காகப் பெற்ற பணம் சிறிது; அது மட்டுமே எனின் கண்டிப்போடு போயிருக்கலாம். கலம் பழுதானபோது ஒரு நொடியும் தாமதியாது உண்மையை உரைத்தவர், தம் செயலைப் பற்றிக் கேட்கப்பட்டபோது தயங்கிப்போனார். பொறியின் குறையைச் சொல்வது வேறு, தன் குறையைச் சொல்வது வேறு என்பதை எழுதுவோர் நன்கறிவர்.

அவர் மீண்டும் விண்வெளிக்குச் செல்லவில்லை. 1973 ஏப்ரலில் நாசாவிலிருந்து விடுப்புப் பெற்று, தலைநகர் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையின் அறிவியல் குழுவுக்கு நிர்வாக இயக்குநராகச் சென்றார். டெக்சாஸ் மாநிலத்து ஜனநாயகக் கட்சியினரான ஒலின் டீக் அக்குழுவின் தலைவர். ஸ்வைகர்ட் அங்கே உறுப்பினர் அல்லர். ஊழியர்களின் தலைவர் மட்டுமே. எவரை அழைத்துச் சாட்சியம் கேட்பது, எந்தக் கேள்விகளைத் தொகுப்பது, அறிக்கையை எவ்வாறு வரைவது என்பன போன்ற பணிகள் திரைக்குப் பின்னே நிகழ்வன. உறுப்பினர் பேசும் பேச்சின் சரக்கைத் திரட்டித் தருவோர் பெயர் வெளியே வருவதில்லை.

காலமும் மாறியிருந்தது. நிலவுப் பயணங்கள் 1972-உடன் நின்றுவிட்டன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தவே, அமெரிக்கா தன் ஆற்றல் வளத்தைப் பற்றிக் கவலைகொண்டது. அதுவரை வானத்தை நோக்கியிருந்த அக்குழு கதிரொளி, புவி வெப்பம் முதலிய ஆற்றல் வழிகளையும் ஆராயத் தொடங்கிற்று. கதிராற்றல் ஆராய்ச்சிக்கான சட்டங்கள் 1974-இல் இயற்றப்பட்டன. அவற்றின் வழியே உருவான கதிராற்றல் ஆய்வு நிறுவனம் 1977-இல் டென்வரை அடுத்த கோல்டன் நகரில் பணி தொடங்கியது. ஆக்சிஜனும் மின்சாரமும் அளந்து செலவிடப்பட்ட ஒரு சிறுகலத்தில் நான்கு நாள் வாழ்ந்தவருக்கு அக்குழுவின் புதிய கவலை அந்நியமாக இருந்திருக்க முடியாது. நாலாண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்து, 1977 ஆகஸ்டில் அப்பணியினின்றும் நாசாவினின்றும் விலகிச் சொந்த மாநிலம் திரும்பினார்.

உடனே பெரிய இடத்திற்கே குறி வைத்தார். 1978-இல் கொலராடோவின் செனட் இடத்திற்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முனைந்தார். அந்நாட்டில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதையும் முதல்நிலைத் தேர்தல் வழியே வாக்காளர்களே முடிவு செய்வர். எதிர்த்து நின்ற வில்லியம் ஆம்ஸ்ட்ராங் அப்போதே பிரதிநிதிகள் சபை உறுப்பினர். கட்சியில் வேர் பிடித்தவர். ஸ்வைகர்ட் தோற்றார். விண்வெளிப் புகழ் ஒருவரை மேடைவரை கொண்டுவரும். வாக்குச் சாவடிவரை கொண்டுபோகப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும். சில ஆண்டுகள் தனியார் நிறுவனங்களில் உயர் பொறுப்புகளில் இருந்தார்.

1980-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பால் கொலராடோவுக்குப் புதிதாக ஆறாவது தொகுதி ஒன்று கிடைத்தது. டென்வரைச் சூழ்ந்த புறநகர்ப் பகுதி அது. பழைய உறுப்பினர் எவரும் இல்லாத புத்தம்புதுத் தொகுதி. 1982 தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு அங்கே போட்டியிட இறங்கினார். இம்முறை கட்சியும் அவரை ஏற்றது.

வாக்கு வேட்டை நடந்துகொண்டிருக்கையில் வலப்புற நாசித்துளையில் ஒரு கட்டி கண்டது. புற்றுநோய் எனத் தெரிந்தது. அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அரசியலில் நிற்போர் நோயை மறைப்பது எல்லா நாட்டிலும் வழக்கமே. மறைத்தல் அரிதும் அன்று. சளித்தொல்லை என்று சொல்லிவிட்டுச் சில வாரம் ஓய்வெடுத்திருக்கலாம். திரைப்படச் சுருள்களில் அவரது முகத்தை வலிமையின் உருவமாகக் கண்டு பழகிய மக்கள் வேறெதையும் ஐயுற்றிருக்க மாட்டார்கள். ஸ்வைகர்ட் மறைக்கவில்லை. தமக்குப் புற்றுநோய் இருந்தது, அகற்றப்பட்டது, மருத்துவம் தொடர்கிறது என்பதை வாக்காளர்களிடமே தெரிவித்தார். குணமடையும் வாய்ப்பு மிகுதி என்று மருத்துவர்கள் நம்பினர், அவரும் நம்பினார். பத்தாண்டுக்கு முன் ஒரு கேள்விக்கு முதலில் பொய்யாக விடை கூறி ஒரு பயணத்தையே இழந்தவர், இப்போது எவரும் கேளாத ஒன்றைத் தாமே முன்வந்து கூறினார். அந்தப் பழைய தவறும் இந்தச் செயலும் ஒரே மனத்தின் இரு காலங்கள் எனக் கொள்ளலாம். அவர் அவ்வாறு இணைத்துப் பேசியதாகச் செய்தி இல்லை. இணைத்துக் காணாமல் இருப்பதும் எளிதன்று.

நவம்பர் 2-ஆம் நாள் தேர்தல். அறுபது விழுக்காட்டிற்கு மேற்பட்ட வாக்குகள் அவருக்கு விழுந்தன. நோயை அறிந்தே மக்கள் அளித்த வாக்குகள் அவை. அதே நாளில் நியூ மெக்சிகோவில் ஹாரிசன் ஷ்மிட் தம் செனட் இடத்தை இழந்தார். நிலவில் நடந்தவர் வெளியேற, நிலவைக் கடந்து வந்தவர் உள்ளே நுழைய இருந்தார்.

ஆனால் நோய் எலும்பு மச்சைக்குள் புகுந்திருந்தது. தேர்தலுக்குப் பின் அவர் உடல்நிலை விரைவாகச் சீர்கெட்டது. டிசம்பர் 19-ஆம் நாள் டென்வர் அருகிலுள்ள லிட்டில்டன் நகரத்து இல்லத்திலிருந்து விமானத்தில் வாஷிங்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உறுப்பினராக நுழைய வேண்டிய நகருக்கு நோயாளியாக வந்து சேர்ந்தார். பதவியேற்பு 1983 சனவரி 3-ஆம் நாள். அதற்கு ஏழு நாள் முன்னதாக, 1982 டிசம்பர் 27-ஆம் நாள், மூச்சுத் திணறலால் உயிர் நீத்தார். வயது 51. அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. கொலராடோவின் வீட் ரிட்ஜ் நகரிலுள்ள மவுண்ட் ஆலிவெட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தொகுதி காலியாக இருக்க இயலாது. 1983 மார்ச்சில் இடைத்தேர்தல் நடந்தது. அவர் கட்சியைச் சேர்ந்த டான் ஷேஃபர் வென்று, 1999 தொடக்கம்வரை அவ்விடத்தில் இருந்தார்.

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வைப்பதற்கு ஒவ்வொரு மாநிலமும் தன் மக்களுள் இருவருடைய சிலைகளை வழங்கலாம். கொலராடோ தன் இரண்டாவது சிலையாக ஸ்வைகர்ட்டின் வெண்கல உருவத்தைத் தேர்ந்தது. ஜார்ஜ் லுண்டீன், மார்க் லுண்டீன் என்னும் சிற்பிகள் அதனைச் செய்தனர். 1997-இல் அது நாடாளுமன்றத்தைச் சேர்ந்தது. உறுப்பினர்க்குரிய உடையில் அன்று, அப்பல்லோ 13 பயணத்தின் விண்வெளி உடையில், தலைக்கவசத்தைக் கையில் ஏந்தியவராக அவர் அங்கே நிற்கிறார்.